பெண்கள் சொல்லும் பதில்

என் அண்ணி நியாகலேக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று செகூ ஊரில் ஒரு சமயம் பேச்சு அடிபட்டது. குழாயடியில் சொன்னார்கள், கல்யாண வீட்டில் சொன்னார்கள், கடைசியில் என் முகத்துக்கு நேராகவே வந்து சொன்னார்கள். நான் ஆற்றங்கரையில் புகைபோட்ட மீன் விற்கிறவள். வாசா என்று கேட்டால் படகுத்துறையில் யாரும் கைகாட்டுவார்கள். வாய்ச்சண்டைக்கு நான் பயந்தவள் இல்லை. சொன்னவர்களை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அப்படியும் பேச்சு நிற்கவில்லை. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு யாருக்குப் பைத்தியம் என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

மாட்டுச் சந்தைத் தரகன் தியேபா குலிபாலி என் உடன்பிறந்த அண்ணன். பேச்சுதான் அவனுக்குச் சோறு போட்டது. மேய்க்கிறவன் ஒரு விலையில் நிற்பான், கறிக்கடைக்காரன் இன்னொரு விலையில் நிற்பான். இருவரையும் திட்டி, சிரிக்கவைத்து, தோளில் கைபோட்டு எப்படியோ நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது.

"உங்கண்ணன் தூக்கத்துலயும் பேரம் பேசறாருடி. நேத்து என்னைய ஒரு கிடேரின்னு நினைச்சு பல்லைப் பாக்க வந்துட்டாரு" என்பாள் அண்ணி.

"பல்லு எங்க இருக்கு கிழவி உனக்கு? பாத்ததும் வேண்டாம்னு போயிருப்பான்" என்பேன் நான். எங்கள் வழக்கத்தில் கணவனின் தங்கைக்கு அண்ணியை இப்படிச் சீண்டுகிற உரிமை உண்டு. அவளும் சும்மா விடமாட்டாள். எங்கள் முற்றத்தில் அந்தக் காலத்தில் சத்தமில்லாத நேரமே கிடையாது.

குளிர்காலம், புழுதிக்காற்று அடிக்கிற பருவம். சந்தையில் ஒரு காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்த அண்ணன் "தலை" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த சிரிமான் கெய்தாதான் தாங்கிப் பிடித்தான். சிரிமான் அண்ணனின் கூட்டாளி. அதோடு குலிபாலிக் குலத்தாரும் கெய்தாக் குலத்தாரும் பரம்பரை பரம்பரையாக ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்ளலாம், கோபப்படக் கூடாது. அது எங்கள் நாட்டில் சட்டம் மாதிரி; பயறு தின்னி என்பது அதில் வழக்கமான ஏச்சு. "எழுந்திருடா தட்டைப்பயறு தின்னி, நடிக்கிறியா?" என்று கேட்டானாம் சிரிமான். எப்போதும் உடனே திருப்பித் திட்டுகிற வாய் அன்று கோணிக்கொண்டு போயிருந்தது. அதைப் பார்த்ததும்தான் சிரிமான் அலறியிருக்கிறான்.

தலைநகர் பமாக்கோவில் பெரிய ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனோம். மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பிழைப்பானா என்று கேட்டதற்கு அல்லாவைக் கேளுங்கள் என்றார்கள். பிழைத்தான். ஆனால் திரும்பி வந்தது பாதி மனிதன். வலது காலும் வலது கையும் செத்த மரமாகிவிட்டன. பேச்சு மொத்தமாகப் போய்விட்டது. உளறல்கூட இல்லை. கண் மட்டும் நம் பின்னாலேயே வரும்.

புறப்படும்போது மருத்துவர் அம்மா ஒருத்தி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அவர்கிட்ட பேசிக்கிட்டே இரும்மா. காதுல விழற வார்த்தைதான் என்னிக்காவது வாயில வரும். எப்பன்னு மட்டும் என்னைய கேக்காத."

அண்ணி அதைக் குர்ஆன் வாக்காக எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் சோறு விற்றுக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு அவனோடு உட்கார்ந்தாள். கூழ் ஊட்டுவாள், பாதி கழுத்தில் வழியும். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவாள். ஷியா மரத்துக் கொட்டை நெய்யைச் சூடாக்கி அந்தச் செத்த கையை விரல் விரலாக நீவிவிடுவாள். அவன் என்ன லேசானவனா? காளைமாட்டுத் தரகன், மலை மாதிரி உடம்பு. புரட்டிப் போட்டுக் கழுவிவிட்டு எழும்போது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பாள். சிலநாள் அவன் காரணமில்லாமல் சிரிப்பான். சிலநாள் காரணமில்லாமல் இடக்கையால் அவள் முகத்தில் அறைவான். அறைந்துவிட்டு அழுவான். அவள் அவன் கண்ணைத் துடைத்த பிறகுதான் தன் உதட்டு இரத்தத்தைத் துடைப்பாள். பார்க்கிற நான் யார்மீது கோபப்படுவது?

பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. சந்தை ஆட்கள், மசூதி ஆட்கள், தெருக்காரர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். வந்தவர்கள் வணக்கம் சொல்லாமல் உட்காரமாட்டார்கள். பொழுது நல்லா விடிஞ்சுதா, வீடு சுகமா, உடம்பு சுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆணாக இருந்தால் "ம்பா" என்று சொல்வான். பெண்ணாக இருந்தால் "ன்ஸே" என்று சொல்வாள். எங்கள் ஊரில் நடக்கத் தெரியாத குழந்தைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ம்பா என்றால் என் தாய், ன்ஸே என்றால் என் பலம் என்று அர்த்தம் சொல்வார்கள். சொல்லும்போது யார் அர்த்தத்தை நினைக்கிறார்கள்? தும்மல் மாதிரி தானாக வரும்.

அண்ணனால் நிமிர்ந்து உட்கார முடியாது. அண்ணி அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் நெஞ்சில் அவன் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அவன் தோளில் மோவாயை வைத்துக்கொள்வாள். வருகிறவர்கள் அவனுக்கு வணக்கம் சொல்வார்கள். பதில் அவன் காதுக்கருகிலிருந்து அவள் சொல்வாள். ன்ஸே. ன்ஸே. ன்ஸே. காலையிலிருந்து வெயில் இறங்கும்வரை அதுதான்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு காலை. நான் முற்றத்தில் மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "பொழுது நல்லா விடிஞ்சுதா அண்ணே?" என்றேன். பதில் எதிர்பார்க்காமல் ஒரு பழக்கத்துக்குச் சொன்னதுதான்.

"ன்ஸே" என்று வந்தது. கரகரவென்ற ஆண்குரல்.

கூடை கீழே விழுந்தது. அண்ணி கூழ் கிண்டிய அகப்பையோடு ஓடிவந்தாள். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க!" அவன் அவளையே பார்த்துக்கொண்டு மறுபடி "ன்ஸே" என்றான். அவள் அகப்பையைத் தூக்கி எறிந்துவிட்டு முற்றத்தில் குலவையிட்டாள். நான் சிதறிய மீனுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து மூக்கு ஒழுகியது.

சிரிமான் கேள்விப்பட்டு ஓடிவந்தான். வணக்கம் சொன்னான், பதிலைக் கேட்டான், தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "அடப்பாவி குலிபாலி! ஆம்பளையா பமாக்கோ போனவன் பொம்பளையால்ல திரும்பி வந்திருக்கான்! பயறு தின்னா இப்படித்தான் ஆகும்!" சிரித்துக்கொண்டே திரும்பி மேல்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிமான் சொன்னதில் யாருக்கும் வருத்தமில்லை. அவனுக்கு அந்த உரிமை உண்டு.

அந்த உரிமை இல்லாதவர் எங்கள் பெரியண்ணன் சூமானா. கிராமத்தில் இருக்கிறவர், குடும்பத்துக்குத் தலைவர். அவர் சொன்னால் சொன்னதுதான். அறுவடை முடிந்ததும் கிராமத்துப் பெரியவர்கள் இரண்டு பேரோடு தம்பியைப் பார்க்க வந்தார். பேச்சு வந்துவிட்டது என்று அண்ணிதான் பெருமையாகச் சொல்லியனுப்பியிருந்தாள். பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து, நிதானமாக வணக்கம் சொன்னார்கள்.

"ன்ஸே" என்றான் என் அண்ணன்.

ஒரு பெரியவர் இருமினார். இன்னொருவர் தரையைப் பார்த்தார். பெரியண்ணன் முகம் கறுத்துவிட்டது. மறுபடி அவரே வணக்கம் சொன்னார். மறுபடி அதே பதில். முழு ஆண்பிள்ளை, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த தகப்பன், ஊர்ப் பெரியவர்கள் எதிரில் பெண்பிள்ளை மாதிரி பதில் சொல்கிறான். அவருக்கு அது சாவைவிடக் கேவலமாகப் பட்டது.

பெரியவர்களை அனுப்பிவிட்டு அண்ணியைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நியாகலே, நீ படற பாடு எனக்குத் தெரியும். ஆனா நீ அவனப் பொம்பளையாக்கி வச்சிருக்க. எந்நேரமும் ஒரு பொம்பளை மடியில கிடந்தா வேற என்ன வரும்? பக்ரீத்துக்கு வருவேன். ஆம்பளையா பதில் சொன்னான்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். ஆம்பளைங்களோட இருந்தா ஆம்பளப் பேச்சு வரும்."

"நானும் வரணுமா பெரியவரே?"

"நீ கொஞ்ச நாள் உங்கப்பா வீட்ல இரு. உடம்பப் பாத்தியா, காத்தடிச்சா விழுந்துருவ."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். அவள் உடம்பைப் பற்றி அவர் கவலைப்பட்டது நிஜம். ஆனால் கிராமத்தில் என்ன நடக்கும் என்று எனக்கும் அண்ணிக்கும் தெரியும். எங்கள் பெரியப்பா மகன் ஒருவனும் இப்படித்தான் விழுந்தான். கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். விதைப்பு வந்ததும் எல்லோரும் காட்டுக்குப் போய்விடுவார்கள், அவன் குடிசையில் தனியே கிடப்பான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, புரட்டிப்போட ஆள் இல்லை, அவ்வளவுதான். முதுகெல்லாம் புண்வைத்துப் போய்ச்சேர்ந்தான். பெரியண்ணன் வண்டியேறிப் போனதும் அண்ணி என்னிடம் அந்தப் பெரியப்பா மகன் பெயரைத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை நான் அவளுக்கு வணக்கம் சொன்னேன். "ம்பா" என்றாள்.

"என்ன கிழவி, மீசை முளைச்சிருச்சா?"

"சிரிக்காத வாசா. அவருக்கு என் வாயிலேர்ந்துதான் வார்த்த போகுது. நான் பொம்பளையா சொன்னா அவரும் பொம்பளையா சொல்றாரு. இனிமே நான் ஆம்பளையா சொல்றேன்."

"வீட்டுக்குள்ள சொல்லு. வெளிய சொல்லாத, ஊரு சும்மா இருக்காது."

"வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணுன்னா நாக்குத் தடுமாறும். எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்."

சொன்னபடி செய்தாள். குழாயடியில் ஒருத்தி வணக்கம் சொன்னால் ம்பா. சந்தையில் வெங்காயக்காரி வணக்கம் சொன்னால் ம்பா. மசூதியிலிருந்து இறங்கிவரும் இமாம் சலாம் சொல்லி நலம் விசாரித்தபோதும் ம்பா. முதலில் சிரித்தார்கள். பிறகு முறைத்தார்கள். பெரியவர்களைக் கிண்டல் செய்கிறாள் என்றார்கள். அவளுடைய சித்தியே வந்து, "உனக்கு வெக்கமா இல்லையாடி? புருஷன் விழுந்ததும் நீ ஆம்பளை ஆயிட்டியா?" என்று முற்றத்தில் நின்று கேட்டாள். குழாயடிக்கு அவள் குடத்தோடு போனால் சின்னப் பெண்கள் வேண்டுமென்றே வரிசையாக வணக்கம் சொல்வார்கள், பதிலைக் கேட்டுச் சிரிக்க. அவள் ஒவ்வொன்றுக்கும் ம்பா, ம்பா என்று சொல்லிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். அங்கிருந்து முளைத்ததுதான் பைத்தியப் பட்டம்.

இவ்வளவு அவமானத்துக்கும் பலன் வந்ததா என்றால், இல்லை. அண்ணன் வாயடைத்துப் போனான். அவள் ம்பா என்று சொல்லும்போதெல்லாம் வாயைத் திறக்காமல் அவள் முகத்தையே உற்றுப் பார்ப்பான், தொலைந்த பொருளைத் தேடுகிறவன் மாதிரி. அதற்கு முன்பெல்லாம் யாரும் வணக்கம் சொல்லாதபோதுகூட ன்ஸே, ன்ஸே என்று முனகுவான். அவள் தண்ணீருக்குப் போகும்போது சொல்வான். அவள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் சொல்வான். மூளையில் அந்த ஒரு வார்த்தை சிக்கிக்கொண்டது என்று நாங்கள் நினைத்தோம். இப்போது அதுவும் நின்றுபோயிற்று. அவனாக முனக வாயெடுத்தாலும் அண்ணி தன் உள்ளங்கையால் மெதுவாகப் பொத்தி, "ம்பா, சொல்லுங்க, ம்பா" என்பாள். எப்போதாவது உதட்டைக் குவித்து "ம்" என்பான். ஒன்றிரண்டு தடவை முழுதாகவே "ம்பா" வந்தது. அதை நம்பித்தான் அவள் நாளை ஓட்டினாள்.

பக்ரீத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றில் அவன் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தோம். மூத்திரத் துணியை அடித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"வாசா, உங்கிட்ட ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு என்னைய ஆத்துல தள்ளிரு. அன்னிக்குச் சந்தையிலயே அவரு போயிருக்கலாம்."

நான் கையிலிருந்த சவுக்காரத்தைக் கல்மேல் வைத்தேன்.

"நாலு மாசம் பத்து நாள் வெள்ளைத் துணியில உக்காந்து அழுதிருப்பேன். அப்புறம் எழுந்து சோறு விக்கப் போயிருப்பேன். எல்லாரும் என்னைய விதவைன்னு சொல்லுவாங்க, சரி. இப்ப நான் என்னடி? புருஷன் இருக்கானா எனக்கு? இருக்கான்னா எங்கிட்ட ஏன் பேச மாட்டேங்கறான்? இல்லன்னா நான் ஏன் தினமும் கழுவி விடறேன்? என் பேரச் சொல்லி அவரு கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? அவருக்கு நான் யாருன்னாவது தெரியுதா, இல்ல கூழ் ஊத்தற கைதானா?"

"தெரியாம எப்படி அண்ணி?"

"எனக்குத் தெரியல" என்றாள். பிறகு துணியைப் பிழிந்தாள். எனக்கு வாய் உண்டு என்று ஊரே சொல்லும். அன்றைக்கு ஈரத்துணிக் கூடையை மட்டும் அவள் தலையிலிருந்து என் தலைக்கு மாற்றிக்கொண்டேன்.

பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து, ஆடு அறுத்து, முற்றமெல்லாம் கறி வாசனை. பெரியண்ணன் வாடகை வேனோடு வந்திருந்தார், கூடவே உறவுக்கார ஆண்கள் இரண்டு பேர். வேனின் பின்பக்கம் மெத்தை விரித்திருந்ததைப் பார்த்ததும் நான் கறித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணி அண்ணனுக்குப் புது அங்கி போட்டு, வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்த்தி, துணியால் கட்டி நிமிர்த்தி வைத்திருந்தாள். விடிந்ததிலிருந்து அவன் காதில் ம்பா, ம்பா என்று ஓதிக்கொண்டே இருந்தாள்.

"நீ உள்ள போ. உன் வாயப் பாத்துதான் அவன் சொல்றான். அவனாச் சொல்லட்டும்" என்றார் பெரியண்ணன்.

அவள் அவன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தாள். எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தம்பி, பொழுது நல்லா விடிஞ்சுதா?"

பதில் இல்லை. அண்ணன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தியேபா, உன்னத்தான். பெருநாள் சுகமா?"

பதில் இல்லை. சிரிமானால் பொறுக்க முடியவில்லை. "டேய் தட்டைப்பயறு! கெய்தாவோட அடிமை! உங்கண்ணன் கேக்கறாருல்ல, வாயத் தொறடா! ஒரு ம்பா சொல்றதுக்கு உனக்குத் தரகு வேணுமா?" என்றான். குரல் உடைந்திருந்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, அல்லாவே, ஒரே ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணனின் உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"ன்ஸே."

பெரியண்ணன் கையால் முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது கண் சிவந்திருந்தது. "தூக்குங்கப்பா" என்றார்.

இரண்டு பேரும் கட்டை அவிழ்த்து அவனைத் தூக்கினார்கள். அவ்வளவுதான், அவன் கத்த ஆரம்பித்தான். "ன்ஸே! ன்ஸே!" இடக்கையால் வேப்பமரத்தைப் பிடித்தான், விரலைப் பிரித்தார்கள். வேனின் கதவைப் பிடித்தான், அதையும் பிரித்தார்கள். மெத்தையில் கிடத்தினார்கள். அவன் தலையைத் திருப்பி அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு, தொண்டை கிழிய, "ன்ஸே! ன்ஸே! ன்ஸே!"

"போதும் தம்பி, யாரும் இப்ப உனக்கு வணக்கம் சொல்லல" என்றார் பெரியண்ணன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அறைக் கதவு திறந்தது. அண்ணி செருப்பில்லாமல் வந்து நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இப்ப என்ன சொன்னீங்க பெரியவரே?"

"என்ன சொன்னேன்?"

"யாரும் வணக்கம் சொல்லலன்னு சொன்னீங்க. யாருமே சொல்லலன்னா அவரு எதுக்குப் பதில் சொல்றாரு?"

வேனுக்குள்ளிருந்து மறுபடி "ன்ஸே!" என்று கேட்டது. அண்ணி அவன் பக்கம் திரும்பினாள். எத்தனையோ மாதமாக அவள் வாயில் வராமலிருந்ததைச் சொன்னாள். "ன்ஸே."

அவன் கத்துவதை நிறுத்தினான். கழுத்து தளர்ந்தது. இடக்கையை அவளை நோக்கி நீட்டினான்.

"என்னையக் கூப்பிடறாரு" என்றாள் அண்ணி. "அது பதில் இல்ல. அது நான். அவரு காதுக்குப் பின்னாடி அதையே சொல்லிக்கிட்டு எந்நேரமும் நான்தானே இருந்தேன்? எனக்கு அவரு வச்ச பேரு அது. தண்ணிக்குப் போனா கூப்பிட்டாரு, செருப்புச் சத்தம் கேட்டா கூப்பிட்டாரு. நான்... நான் அவரு வாயப் பொத்தினேன். ஐயோ, என் கையாலயே பொத்தினேனே!"

வேனில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "கிளப்புங்க. எங்க கொண்டுபோனாலும் நான் வர்றேன். எங்கப்பா வீட்டுக்கெல்லாம் போகமுடியாது. இவரு கூப்பிட்டா அங்கேர்ந்து எனக்குக் கேக்காது."

பெரியண்ணன் தஸ்பீஹ் ஜெபமணியை உருட்டிக்கொண்டு நின்றார். உருட்டுகிறாரே தவிர விரல் ஒரே மணியில் நின்றிருந்தது. கடைசியில் ஓட்டுநரிடம் போய், "எறக்கு. பாத்து எறக்கு, இடுப்பப் புடி" என்றார். பிறகு அண்ணிக்கு எதிரில் வந்தார். எங்கள் ஊரில் ஒருவர் பட்ட பாட்டுக்கு நன்றி சொல்வதும் ஒரு வணக்கம்தான். தலையில் இருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னார். "உன் உழைப்புக்கு வணக்கம், நியாகலே."

"ம்பா" என்றாள் அவள்.

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். பழக்கம், வந்துவிட்டது. மெத்தையில் கிடந்தவன் உடனே "ன்ஸே" என்றான். பெரியண்ணனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தார், சிரிப்பு அப்படியே அழுகையாக மாறி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிமான் மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஆம்பள ஒண்ணு, பொம்பள ஒண்ணு, கணக்கு சரியாத்தான இருக்கு! எது எங்க உக்காந்தா உங்களுக்கென்ன?" என்று எல்லோரையும் அதட்டினான்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சரியாகவில்லை. இன்றுவரை அவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான். கால் வரவில்லை. நடுவில் வலிப்பு வேறு வர ஆரம்பித்திருக்கிறது. இதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்று மருத்துவர் அம்மாவே சொல்லிவிட்டாள். பெரியண்ணன் அறுவடைதோறும் கம்பு மூட்டை அனுப்புகிறார், யார் என்ன சொன்னாலும் தம்பியின் ன்ஸேக்கு முறையாகத் தலையசைக்கிறார். அண்ணி ஊருக்கெல்லாம் பழையபடி ன்ஸே சொல்கிறாள், பைத்தியப் பட்டமும் மெல்லக் கழன்றுவிட்டது.

ஆனால் அவன் கூப்பிடுகிற தூரத்தைத் தாண்டி அவளால் போக முடியாது. குழாயடியிலிருந்தும் பதில் சொல்வாள், கழிப்பறைக்குள்ளிருந்தும் பதில் சொல்வாள். பதில் வராவிட்டால் அவன் தொண்டை வறளும்வரை கூப்பிடுவான், பிறகு வலிப்பு வரும். அவள் அம்மா இறந்தபோது மண் போட்ட கையோடு திரும்பி வந்தாள், கூட இருந்து அழக்கூட இல்லை. எலும்பும் தோலுமாகிவிட்டாள். இருமல் வேறு விடமாட்டேன் என்கிறது.

போன வாரம் கம்பு புடைத்துக்கொண்டே கேட்டாள். "வாசா, அவருக்கு முன்னாடி நான் போயிட்டேன்னா, அவரு கூப்பிட்டா யாருடி பதில் சொல்றது?"

"நீ எங்க போற கிழவி, உன்னைய சாவுகூட வாங்கிக்காது."

"வெளையாடாத. நெசமாக் கேக்கறேன்."

"நான் சொல்றேன் அண்ணி. நான் பொம்பளதானே? எனக்கும் ன்ஸே வரும்."

அவள் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். நான் சொன்னது என் மனதில் கிடந்தது. மறுநாள் அவள் குடத்தோடு வெளியே போன நேரம் அவன் கூப்பிட்டான். "ன்ஸே." நான் அறைக்கு வெளியே சுவரோரம் மறைந்து நின்று, அவள் குரலைப் போலவே மெல்லிசாக்கி, அவள் இழுக்கிற மாதிரியே இழுத்து, "ன்ஸே" என்றேன்.

எட்டிப் பார்த்தேன். அவன் கண் என்மீதே இருந்தது. கோபமில்லை. கொஞ்சநேரம் பார்த்தான், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். தெருமுனையிலிருந்து, இருமலுக்கு நடுவே, அண்ணியின் பதில் வந்தது.